படம் இருக்கு, பேரு இல்லை

இணையத்தில் ‘பழவேற்காடு’ என்று போட்டுப் படம் தேடிப் பாருங்கள். முதலில் பூநாரை வரும். அடுத்து டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில் செதுக்கியிருக்கிற எலும்புக்கூடு. மூன்றாவதாக, சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரத்தில் ஆளில்லாமல் நிற்கும் ஒரு படகு. அதற்கப்புறம் எவ்வளவு தூரம் கீழே போனாலும் இந்த மூன்றும்தான் மாறி மாறி வரும். ‘கோட்டைக்குப்பம்’ என்று தேடினால் இன்னும் மோசம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற கோட்டகுப்பத்துப் படங்கள் பாதி வந்து நிற்கும். பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்துக்குப் பெயர் கொடுத்த டச்சுக் கோட்டையோ, இன்று சீமைக்கருவேலம் மூடிய வெறும் மேடு.

போன வருஷம் அந்த ஊரில் ஒரு மாலை வகுப்புக்குச் சில வாரம் போய்வந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் நடக்கிற வகுப்பு. ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை பன்னிரண்டு பதின்மூன்று பிள்ளைகள். சொல்லிக்கொடுக்கிற அக்கா எனக்குப் பழக்கம். ‘உங்க ஊரை உலகம் எப்படிப் பார்க்குதுன்னு பாருங்க’ என்று பெருமையாக லேப்டாப்பைத் திறந்து மேலே சொன்ன படங்களைக் காட்டினேன். அதில் ஒரு படகுப் படத்தின் கீழே ஆங்கிலத்தில் ‘பழவேற்காட்டில் சூரிய அஸ்தமனம்’ என்று போட்டிருந்தது. அதைத் தமிழில் படித்துச் சொன்னேன்.

எட்டாவது படிக்கிற ஒரு பெண் உடனே சொன்னாள்: “இது சாயங்காலம் இல்லண்ணா. பின்னாடி லைட்ஹவுஸ் தெரியுது பாருங்க. லைட்ஹவுஸ் நமக்குக் கிழக்கால. அப்போ இது விடியற நேரம்.”

பாடத்திட்டத்தில் இருக்கிற திசை, சூரியன், நிழல், அவதானிப்பு எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. ஆனால் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அந்தப் படமோ அந்தத் தளமோ கிடையாது. அந்தக் கரையில் பிறந்தது. படத்தைப் போட்டவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். வகுப்பறையில் படப் பகிர்வுத் தளங்களைப் பயன்படுத்துவது பற்றி நான் படித்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

*

கொஞ்சம் பழைய கதை. பிளிக்கர் 2004 பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் ஆரம்பித்தது. அடுத்த வருஷமே யாகூ வாங்கிவிட்டது. (அதே 2004 டிசம்பர் 26-இல் சுனாமி இந்தக் கரைக்கும் வந்தது. இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அந்தக் காலை மணிக்கணக்காகச் சொல்ல நினைவிருக்கிறது. குடும்பத்தில் யாரிடமும் அன்றைய படம் ஒன்றுகூட இல்லை.) அடுத்த சில வருஷங்களில் ‘வகுப்பில் பிளிக்கரைப் பயன்படுத்துவது எப்படி’ என்று ஆசிரியர்கள் எழுதிக் குவித்தார்கள். அவர்கள் சொன்னவை சுருக்கமாக இவ்வளவுதான்: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கிற படங்களைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், ஐந்து படத்தைக் கொடுத்துக் கதை எழுதச் சொல்லலாம், சுற்றுலா போய்வந்து ஆல்பம் போடலாம், படத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டம் வரைந்து அதற்குள் குறிப்பு எழுதலாம்.

முதல் மூன்றும் படத்தைச் சரக்காகத்தான் பார்க்கின்றன. எங்கிருந்தோ வாங்கி வகுப்பில் இறக்குவது, அல்லது வகுப்பிலிருந்து வெளியே ஏற்றுமதி செய்வது. நாலாவது மட்டும் வேறு ஜாதி. கட்டம் வரைந்து குறிப்பு எழுத வேண்டுமென்றால் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தெரிந்தவரைப் போய்க் கேட்க வேண்டும். பாடம் நடப்பது அங்கேதான். ஆனால் பின்னால் வந்த கருவிகள் எல்லாம் இந்த நாலாவதைத்தான் முதலில் கழட்டிப் போட்டன. இன்ஸ்டாகிராமுக்குப் படத்தின் கீழே ஒரு வரி போதும். வாட்ஸ்அப்புக்கு அதுவும் வேண்டாம்.

தெரிந்தவர்கள் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2008 ஜனவரியில் மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட பழைய படங்களை பிளிக்கரில் ஏற்றியது. ‘காமன்ஸ்’ என்று அந்தப் பகுதிக்குப் பெயர். நிறையப் படங்களுக்கு அந்த நூலகத்திடமே சரியான விவரம் கிடையாது. எங்கெங்கோ இருந்த சாதாரண ஆட்கள் வந்து, இது எந்தத் தெரு, எந்தப் பந்தயம், இந்தப் பெயரில் எழுத்துப் பிழை என்று எழுதினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் 500-க்கும் மேற்பட்ட அட்டவணைப் பதிவுகளை அந்தக் குறிப்புகளை வைத்து நூலகம் திருத்தியது. சும்மா விருப்பக்குறி போட்டவர்களும் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அவர்களால் ஒரு பதிவும் திருந்தவில்லை.

இப்போது நம் படகுப் படத்துக்கு வாருங்கள். அதைத் திருத்தக்கூடிய ஆள் கோட்டைக்குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் தளத்தில் கணக்கு இல்லை. வயசும் போதாது. கேட்டதும் யாரும் இல்லை.

*

சரி, நம்ம ஊர்ப் பள்ளிகளில் படப் பகிர்வு நடக்கவே இல்லையா? நடக்கிறது, அளவுக்கு மேலேயே. எந்த ஆசிரியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மரம் நட்டால் படம். உறுதிமொழி எடுத்தால் படம். மதிய உணவுக்குப் படம், பயிற்சிக்குப் படம். எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்தக் குழுவிலிருந்து அது மேலே உள்ள இன்னொரு குழுவுக்குப் போகும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் சொன்னார்: “பாடம் நடத்துனேனான்னு யாரும் கேக்கல சார். போட்டோ போட்டாச்சான்னுதான் கேக்குறாங்க.”

இந்தப் படங்களில் எதையும் ஒரு மாணவர் எடுத்ததில்லை. ஒன்றுக்கும் மாணவர் குறிப்பு எழுதியதில்லை. ஒன்றையும் மறுபடி வகுப்புக்குக் கொண்டுவந்து ‘இதில் என்ன தெரியுது’ என்று கேட்டதில்லை. பிள்ளைகள் படத்துக்குள் வரிசையாக நிற்கிறார்கள், அவ்வளவுதான். படம் இங்கே ரசீது மாதிரி. ரசீதை யாராவது படித்து ரசிப்பார்களா? கோப்பில் குத்திவைப்பார்கள்.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. கையில் போன் இருக்கிறது, எடுக்கவும் தெரிகிறது; அந்தத் திறமை முழுக்க மேலே அனுப்புகிற வேலைக்கே போய்விடுகிறது. பகிர்வு என்கிற சொல்லுக்கு இது ரொம்பச் சின்ன அர்த்தம்.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. கணினி விஷயம் என்பதால் பலர் கவனிப்பதில்லை. போனில் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதி, நேரம், அனுமதித்திருந்தால் இடம் எல்லாம் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது படத்தைச் சுருக்குகிறது. இந்த விவரங்களையும் உருவிவிடுகிறது. சேமிக்கும்போது கோப்புப் பெயரில் ஒரு தேதி வருமே, அது எடுத்த தேதியென்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த தேதி. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய வெள்ளப் படத்தை இன்றைக்கு ஒருத்தர் அனுப்பினால் அதன் பெயரில் இன்றைய தேதிதான் இருக்கும். பிள்ளைகளின் முகத்தைப் பொறுத்தவரை இந்த உருவல் நல்லதுதான். ஒரு நீர்நிலையின் பதிவு என்று பார்த்தால் படத்தின் முதுகெலும்பையே எடுத்துவிட்ட மாதிரி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

*

திண்ணை வகுப்பில் நாங்கள் செய்தது சின்ன விஷயம். அக்காவின் போனில் ஒரு பகிர்ந்த ஆல்பம். பிள்ளைகள் வீட்டு போனில் எடுத்த படங்களை அதில் சேர்க்கலாம். ஒரே நிபந்தனை: படத்தோடு மூன்று வரி எழுதியே ஆக வேண்டும். என்ன இது, எப்போது எடுத்தது, இதைப் பற்றி யாரைக் கேட்டாய்.

முதல் வாரம் ஏமாற்றம். நாற்பதுக்கு மேல் படம் வந்தது. பூநாரை, சூரியன், படகு! இணையத்தில் பார்த்ததையே பிள்ளைகளும் எடுத்துவந்தார்கள். அழகான படம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று போன்தானே அவர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறது. தன் வீட்டு வாசலில் காயும் வலை ‘படத்துக்கு ஆகாத’ பொருள் என்று ஒரு பையன் உண்மையிலேயே நம்பினான்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது மூன்றாவது வரிதான். ‘யாரைக் கேட்டாய்’ என்பதை நிரப்ப வேண்டுமே! பூநாரையைப் பற்றி யாரைக் கேட்பது? வீட்டில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மீனைப் பற்றிக் கேட்டால் நிறுத்த முடியவில்லை. ரெண்டாவது வாரத்திலிருந்து மடவை, கிழங்கான், கொடுவா, நண்டு, வெள்ளை இறால் என்று கூடைக்குள்ளே போனை நீட்ட ஆரம்பித்தார்கள். ஒரு மீனுக்கு ரெண்டு பேர் ரெண்டு பெயர் எழுதி ஆல்பத்தில் சண்டை. “அது சின்னதா இருக்கறப்ப வேற பேரு சார், இருங்க, ஆயாவ கேட்டுட்டு வரேன்” என்று ஒருத்தி எழுந்து ஓடினாள். திரும்பி வரும்போது ஆயாவும் கூட வந்துவிட்டார். அன்றைக்கு வகுப்பை அவர்தான் எடுத்தார். பாடப்புத்தகத்தில் ‘மீன்’ என்று ஒரு சொல்லில் முடிகிற சமாச்சாரம் அவர் வாயில் அளவு, பருவம், தண்ணீரின் உப்பு, பிடிபடுகிற வலை என்று விரிந்துகொண்டே போனது.

மூன்றாவது வாரம்தான் எனக்குப் பாடம் கிடைத்தது.

ஒரு பையன் விடியற்காலையில் ஏரியில் கோல் ஊன்றிப் போகிற படகையும், கட்டியிருந்த வலையையும் எடுத்திருந்தான். நல்ல படம். தேதி, நேரம் எழுதியிருந்தான். இடத்தின் பெயரையும் சரியாக, ஊர்க்காரர்கள் சொல்கிறபடியே எழுதியிருந்தான். நான் பாராட்டினேன். அடுத்த நாள் அவனுடைய சித்தப்பா திண்ணைக்கு வந்தார். கோபமில்லை, தயக்கம்தான். “தம்பி, அந்தப் படத்த எடுத்துடுங்க. படம் நல்லாத்தான் இருக்கு. எடத்துப் பேரும் நாளும் போட்டிருக்கான் பாருங்க, அது வேணாம்.”

ஏன் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. பழவேற்காட்டில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. ஏரியில் இறால் கிடைக்கிற இடங்களில் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டலாம் என்று உரிமையுள்ள குடும்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிற ஏற்பாடு. கோட்டைக்குப்பம் உள்ளிட்ட பழைய குப்பங்கள் சிலவற்றுக்கு இந்த உரிமை வழிவழியாக உண்டு. எந்த இடம் நல்ல இடம், யாருக்கு இன்றைக்கு முறை என்பதெல்லாம் ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்கிற வழக்கமில்லை. உரிமை இல்லாத குப்பங்களும் இதே ஏரியை நம்பித்தான் இருக்கின்றன. அதில் பழைய மனத்தாங்கல்கள் உண்டு. சமூக அறிவியல் ஆய்வாளர்கள் பாடு முறையைப் பற்றிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். சாரா கோல்ட்ஹார்ட் 2008-இல் எழுதியது அதில் ஒன்று. அதையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்தும், நாளும் இடமும் எழுதிய ஒரு வலைப் படம் அந்த ஊரில் சாட்சியாக மாறக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாராவது முறை தவறினார்கள் என்று நான் சொல்லவரவில்லை, அப்படி எதுவும் அந்தப் படத்தில் இல்லை. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் ‘உன் பையன் போட்ட படத்தைக் காட்டு’ என்று ஒரு பிள்ளையின் பெயர் அதில் இழுபடும். சித்தப்பாவின் கவலை அதுதான்.

படத்தை எடுத்துவிட்டோம். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான்.

இது போன்ற ஆபத்தை நான் படித்த எந்த வழிகாட்டியும் சொன்னதில்லை. அவற்றில் தனியுரிமை என்றால் முகத்தை மறைப்பது, பெயரைப் போடாதது, வீட்டு முகவரி தெரியாமல் பார்த்துக்கொள்வது. இந்தப் படத்தில் முகமே இல்லை. தண்ணீர், வலை, தேதி மட்டும். பொதுச்சொத்தைப் பகிர்ந்து பிழைக்கிற ஓர் ஊரில் எது அந்தரங்கம் என்பதைத் தளத்தின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிற பொத்தான்களால் தீர்மானிக்க முடியாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள் அழிவின் விளிம்பில் இருக்கிற உயிரினம் என்றால் இடத்தைத் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். பறவைக்கு அந்த ஏற்பாடு உண்டு, பாட்டுக்கு இல்லை. (பாடு என்பதன் வேற்றுமை உருபு, பாடல் என்று படித்துவிடாதீர்கள்.)

*

பிள்ளைகள் கையில் கேமரா கொடுக்கிற முயற்சிகளுக்கு இணையத்தைவிட வயது அதிகம். அமெரிக்காவில் கென்டக்கி மலைப்பகுதிப் பள்ளிகளில் வெண்டி ஏவால்ட் 1970-களிலேயே இதைச் செய்தார். பிள்ளைகள் எடுத்த படங்களும் அவர்கள் சொன்னவையும் சேர்ந்து 1985-இல் ‘போர்ட்ரெய்ட்ஸ் அண்ட் ட்ரீம்ஸ்’ என்ற புத்தகமாக வந்தன. அவர் முறையில் படத்தோடு எழுத்து ஒட்டியே இருக்கும். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் படமே.

நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது கல்கத்தா சோனாகாச்சிப் பிள்ளைகளை வைத்து ஸானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் எடுத்த ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’. 2005-இல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பிள்ளைகளின் படங்கள் பிரமாதம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து முடித்தபோது எனக்கு ஒரு உறுத்தல்: அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் பக்கத்துக் கதையும், அதே தெருவில் அவர்களே கட்டிய அமைப்புகளின் வேலையும் ஏன் கண்ணில் படவில்லை? கேமரா பிள்ளைகள் கையில் இருந்தது. எந்தப் படம் யாரிடம் எந்தக் கதையோடு போகும் என்கிற முடிவு அவர்கள் கையில் இல்லை. படப் பகிர்வுத் தளங்களில் தினமும் நடப்பது இதன் மலிவுப் பதிப்பு.

இதற்கு எதிர்முனையில் எம். பழனிக்குமாரின் வேலையை வைப்பேன். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். பாரி இணையதளத்தின் புகைப்படக்காரர். 2022-இல் தயானிதா சிங் - பாரி விருதை முதன்முதலாகப் பெற்றவர். எண்ணூர்ப் பக்கம் ஆற்றுக்குள் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிக்கிற இருளர் பெண்களை அவர் எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில்தான் அது. அந்தப் படங்கள் தனியாக வருவதில்லை. கீழே அந்தப் பெண்ணின் பேச்சு, கூலி, கையில் வெட்டுப்படுவது, தண்ணீர் கெட்டுப்போனது எல்லாம் இருக்கும். விளிம்பில் இருக்கிற மாணவர்களுக்கு அவர் புகைப்படம் சொல்லியும் கொடுக்கிறார். அவரைப் போன்ற ஆளை எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப முடியாது. ஆனால் படத்துக்குக் கீழே எழுதப்படுவதும் பாடத்தில் சேர்த்தி என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், செலவில்லாத காரியம்.

*

முகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், எழுதாமல் விட்டால் கேட்பீர்கள். பிளிக்கரில் நல்லெண்ணத்தோடு திறந்த உரிமத்தில் போட்ட குடும்பப் படங்கள் முகமறியும் மென்பொருளுக்குத் தீனியானது பழைய செய்தி. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ‘மெகாஃபேஸ்’ தொகுப்பு அப்படி உருவானது. அதில் குழந்தைகளின் முகங்களும் இருந்தன. ஐபிஎம் 2019-இல் வெளியிட்ட முகத் தொகுப்பும் பிளிக்கர் படங்களிலிருந்து வந்ததுதான். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. உறுதிமொழிப் படத்தைக் குழுவில் போடுகிறபோது யார் அப்படி ஒப்புதல் வாங்குகிறார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தளங்களின் ஆயுளும் நம்பக்கூடியதாக இல்லை. பிகாசா, பனோரமியோ ரெண்டையும் கூகுள் 2016-இல் மூடியது. ஊர் ஊராகப் படத்தை வரைபடத்தில் குத்திவைத்த பனோரமியோவில் நம் கிராமங்களின் எத்தனை படங்கள் இருந்தன என்று அதைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும். 2017-இல் போட்டோபக்கெட் காசு கேட்டது. பல வலைப்பதிவுகளில் படங்கள் ஒரே நாளில் கட்டம் கட்டமாக வெளுத்துப்போயின. (இந்த வலைப்பதிவின் பழைய இடுகைகளிலும் அந்த வடுக்கள் இருக்கும். சரிசெய்யச் சோம்பல்.) பிளிக்கர் 2018 முடிவில் இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று எல்லை கட்டியது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூனிலிருந்து கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. ஆறாவது படிக்கிற பிள்ளை பன்னிரண்டாவது முடிப்பதற்குள் அவள் ஆல்பம் இருக்குமா என்பது சந்தேகம்.

*

அப்படியானால் விட்டுவிடலாமா? எனக்கு மனசு வரவில்லை. காரணம், முகத்துவாரம்.

ஏரிக்குக் கடல் தண்ணீர் வந்துபோகிற வாய் அது. மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உப்பு, ஆழம், இறால் வரத்து எல்லாம் மாறும். ஏரியே சராசரியாக ஓராள் இடுப்பளவுதான் ஆழம். கடலுக்குப் போகிற படகு வெளியே போக வழியில்லாமல் நிற்கும். முகத்துவாரத்தைத் தூர்வாரு, நிரந்தரமாகத் திறந்துவை என்பது இந்தக் குப்பங்களின் பல வருஷக் கோரிக்கை. எப்போது அடைத்தது, எத்தனை மாசம் அடைந்திருந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், எல்லாம் நினைவிலிருந்து. படங்கள் போன்களில் கிடக்கின்றன. தேதி உருவப்பட்ட, வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த படங்கள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னிப் பக்கக் கடற்கரைகளில் 2017-இல் ‘கோஸ்ட்ஸ்னாப்’ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். கரையில் ஒரு கம்பம், அதன்மேல் போனை வைக்க ஒரு தாங்கி. போகிற வருகிற யாரும் போனை அதில் வைத்துப் படம் எடுத்து, எடுத்த நேரத்தோடு அனுப்பலாம். எல்லாப் படமும் ஒரே கோணம் என்பதால் கரை எவ்வளவு நகர்ந்தது என்று அளந்துவிடலாம். ஓதத்துக்கு ஏற்றபடி தண்ணீர் ஏறி இறங்குவதால் நேரம் தெரியாத படம் அங்கே உதவாது. அழகு, கலை, விருப்பக்குறி எதற்கும் இதில் வேலை இல்லை. முகமும் இல்லை. யாருடைய பாட்டையும் அது காட்டிக்கொடுக்காது.

திண்ணை வகுப்பில் இதைச் சொன்னேன். கம்பம் நட நமக்கு அனுமதி வேண்டும், அதெல்லாம் பெரிய கதை. பிள்ளைகள் வேறு வழி சொன்னார்கள். முகத்துவாரம் தெரிகிற இடத்தில் நகராத ஒரு பொருளைக் குறி வைத்துக்கொள்வது. மாசத்தில் ரெண்டு தடவை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், பெரியவர்கள் யாராவது கூட்டிப்போகும்போது எடுப்பது. அமாவாசை பௌர்ணமி என்று நான் சொல்லவில்லை, தண்ணீர் அன்றைக்குத்தான் நன்றாக ஏறி வற்றும் என்று அவர்களே நாள் குறித்தார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் செத்த ஊர் இது. அதனால் படகில் ஏறி எடுப்பது கிடையாது, கரையிலிருந்துதான் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆல்பத்தை மூடிவிட்டோம். படங்கள் இப்போது ஒரு பென்டிரைவிலும் அக்காவின் பழைய கணினியிலும் இருக்கின்றன. குறிப்புகள் ஒரு நீள நோட்டில். படத்துக்கு ஒரு எண், எடுத்த நாள், மணி, தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று வாடையா கச்சானா, யாரைக் கேட்டது. வெளியே எது போகலாம் என்று வீட்டுப் பெரியவர்களும் பார்த்த பிறகுதான் முடிவு. இதுவரை வெளியே போனது நாலே நாலு படம்.

அஸ்தமனப் படத்தின் கீழே, என் கணக்கிலிருந்து, அந்தப் பெண் சொல்லச் சொல்லத் தமிழில் ரெண்டு வரி எழுதினோம். கலங்கரை விளக்கம் கிழக்கே இருக்கிறது, ஆகவே இது உதயம் என்று. பதில் வரவில்லை. தலைப்பும் மாறவில்லை.

முகத்துவாரத்தின் பழைய படம் உங்களில் யாரிடமாவது இருக்கலாம். கல்லறை பார்க்க, பறவை பார்க்கப் போனபோது எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. எடுத்த நாள் தெரிந்தால் போதும். காகிதப் படம் என்றால் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்புங்கள், அங்கேதான் தேதி எழுதியிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் தயவுசெய்து படமாக அனுப்பாமல் டாகுமென்டாக அனுப்புங்கள்.